தண்ணீர்மலை ஆறு: ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு போத்தல் மணலும்

எலுமிச்சம்பழம் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஜெலுத்தோங் பக்கத்துப் பாலம் ஒன்றில் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம்: நான், என் அக்கா மகள், அவள் அப்பாவான என் மச்சான். மச்சான் லோரி ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற வருத்தம் முகத்தில் அப்படியே இருந்தது. பழத்தைப் போட்டவன் நான். கடலுக்குப் போக வேண்டிய பழம் பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து, டத்தோ கிராமாட் இருக்கும் திசையில் ஆடி அசைந்து நகர்ந்தது. கூடவே ஒரு நெகிழிப் பையும் வாழைத்தண்டுத் துண்டு ஒன்றும்.

"மாமா, ஆறு பின்னாடி ஓடுது."

"ஓடல, கடல் தள்ளுது. கடிகாரத்தப் பாத்து நேரத்த எழுது."

எங்கள் ஆய்வு ஏட்டின் முதல் பதிவு இதுதான். ஆற்றின் நீளமோ அகலமோ அல்ல, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே முதலில் தகராறாகிவிட்டது.

எப்படித் தொடங்கியது

பள்ளியில் புவியியல் பாடத்துக்கு, வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் ஆற்றைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வீடு தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். வீட்டுக்குப் பின்னால் ஓடுவதை 'தண்ணீர்மலை ஆறு' என்று எழுதிவிட்டாள். மலாய்ப் பெயர் வேண்டுமே என்று ஓர் அலுவலகத்துக்குப் போய் முகப்பில் இருந்தவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது ஆறு இல்லை, லோங்காங்," என்றார். லோங்காங் என்றால் சாக்கடை. பினாங்கில் அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேவைப்பட்டதே இல்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. படத்தில் இருந்தது இரண்டு சிமெண்ட் சுவர், நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர், சுவரில் அங்கங்கே குழாய் வாய்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அப்ப அருவித் தண்ணி எங்க போகுது மாமா?"

நான் முப்பது வருடம் தண்ணீர்ச் சோதனைக்கூட வேலையில் காலம் தள்ளியவன். போத்தலில் வரும் தண்ணீரைப் பற்றி ஏதாவது சொல்வேன். அது நடந்து வந்த வழியை ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை. அந்த வெட்கம் ஒரு பக்கம், இவள் கேள்வி ஒரு பக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினோம். மாசி மாதம், மழை குறைவான காலம். இப்படிப்பட்ட வேலைக்கு அதுதான் சரியான நேரம். ஏன் என்று பின்னால் வரும்.

வரைபடத்தில் இருப்பது

பினாங்குத் தீவில் 'சுங்கை பினாங்' இரண்டு இருக்கின்றன. ஒன்று பாலிக் பூலாவ் பக்கம், மலைத்தொடரின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கி வயல்வெளி வழியாகப் போவது. மற்றொன்று ஜோர்ஜ்டவுனுக்குள் ஓடுவது, நம்முடையது. கூகுளில் தேடினால் இரண்டும் கலந்து வரும். அக்கா மகள் முதலில் சேர்த்த குறிப்புகளில் பாதி மேற்கு ஆற்றுடையவை. அவற்றை எல்லாம் அடிக்க வேண்டியிருந்தது. சுங்கை என்றால் ஆறு, பினாங் என்றால் பாக்கு. தீவுக்கே அந்தப் பெயர் இருக்கும்போது ஆற்றுக்கு இரண்டு தடவை வைத்ததில் வியப்பில்லை.

நகரத்துச் சுங்கை பினாங்கின் படுகை, அதாவது மழைநீர் அதற்கு வந்து சேரும் பரப்பு, ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன், டொண்டாங், ஜெலுத்தோங் என்ற சிற்றாறுகள் அதில் அடக்கம். ஆயர் ஈத்தாம் என்றால் கருப்புத் தண்ணீர், ஆயர் தெர்ஜுன் என்றால் விழும் தண்ணீர், அதாவது அருவி. இந்த ஆயர் தெர்ஜுன்தான் நம் தண்ணீர்மலை ஆறு. தாவரவியல் பூங்காவுக்கு மேலே அருவியாக விழுந்து, பூங்காவைக் கடந்து, ஜாலான் கெபுன் புங்கா சாலையை ஒட்டிக் கோயில்களைத் தாண்டி, பங்களாக்களின் பின்பக்கமாக இறங்கி, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்கிறது. சேர்ந்த பிறகுதான் சுங்கை பினாங் என்ற பெயர் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுங்கை பினாங்குக்குத் தனக்கென்று ஊற்று கிடையாது. அது பிறக்கும் இடம் ஒரு கூடல். இரண்டு பேர் கைகோத்த இடத்தில் மூன்றாவது பெயர் ஒன்று தொடங்குகிறது. ஆற்றின் மூலம் எது என்று கேட்டால் நீளமான கிளையைச் சொல்வதா, தண்ணீர் அதிகம் தரும் கிளையைச் சொல்வதா, பெயர் தொடங்கும் இடத்தைச் சொல்வதா என்பது புவியியலில் பழைய சச்சரவு. பெரிய ஆறுகளுக்கே இது தீர்ந்தபாடில்லை. மச்சானிடம் விளக்கியபோது, "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க மாப்ள, நீங்க பாக்கத்தான் போறீங்க," என்றார்.

கொடிமலை எனப்படும் பினாங்கு மலையின் உச்சி 833 மீட்டர். அங்கிருந்து ஜெலுத்தோங் கடல் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. மலை முழுக்கக் கருங்கல். ஆண்டு மழை நகரத்தில் 2,400 மில்லிமீட்டர் வாக்கில், மலையில் அதைவிடக் கூடுதல். செங்குத்தான கல்மலையில் கொட்டும் மழை, சமவெளியில் மூச்சு வாங்க நேரமில்லாமல் ஊருக்குள் வந்து நிற்கும். ஆறு சின்னதாக இருப்பதே ஆபத்துக்குக் காரணம். பெரிய ஆற்றில் வெள்ளம் வர ஒரு நாள் பிடிக்கும், முன்கூட்டியே சேதி வந்துவிடும். இங்கே மேலே இடி இடித்தால் கீழே மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றி நிறுத்துவார்கள்.

கீழிருந்து மேலே

கருவிகள் அதிகமில்லை. அலை அட்டவணை, அளவுநாடா கட்டிய மூங்கில், தெர்மாமீட்டர், கண்ணாடிப் போத்தல்கள், ஒரு நோட்டு, ஒரு பை எலுமிச்சை. பழம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். கோயிலுக்குப் போகும் வழி என்பதால் யாரும் பயப்படவில்லை, அது ஒரு வசதி. நீரோட்டத்தின் வேகம் பார்க்க ஏதாவது மிதக்கவிட வேண்டும். காகிதப் படகு விட்டால் காற்று தள்ளும். எலுமிச்சை முக்கால்வாசி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்றின் கை அதில் குறைவு. பத்து மீட்டர் அளந்து, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்த்து வகுத்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கி, ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். மீட்டர் வைத்து அளப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் கருவி இல்லாத இடத்தில் நீரியல்காரர்கள் இன்னும் செய்வது இதைத்தான்.

முதல் ஞாயிறு முழுவதையும் அலை தின்றுவிட்டது. பினாங்கில் ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும். சுங்கை பினாங்கின் கீழ்ப்பகுதி தட்டையானது. ஏற்றம் வரும்போது கடல் உள்ளே நுழைந்து ஆற்றை அணைபோட்டு நிறுத்துகிறது. எங்கள் பழம் பின்னால் போனது அப்படித்தான். அதே நேரத்தில் மலையில் பெருமழை பெய்தால் மேலிருந்து வருவதற்குப் போக்கிடம் இல்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த மழையை இங்கே மறந்தவர் யாரும் இல்லை. ஏழு உயிர்கள் போன வெள்ளம் அது. ஆற்றோரக் கம்போங் (கிராமக் குடியிருப்பு) வீடு ஒன்றில், சுவரில் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. என் நெஞ்சுக்கு வருகிறது. வீட்டுக்காரப் பெரியவர் அதன்மேல் சாயம் அடிக்காமல் விட்டிருக்கிறார். "அடிச்சா மறந்துபோகும் தம்பி," என்றார். மூங்கிலை வைத்து அளந்துகொண்டோம். அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, மைலோ கலக்கிக் கொடுத்து, அந்த ராத்திரியைச் சொல்லத் தொடங்கினார். மதியம் அங்கேயே ஆகிவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வண்ணாந்துறையையும் பார்க்க வேண்டியிருந்தது. இதே படுகையில், ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம், தமிழ்ச் சலவைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். தோபி காட் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு ராமர் கோயிலும் உண்டு. ஆற்றில் துவைத்த காலம் போய்த் தொட்டிக்கு மாறி, பிறகு இயந்திரத்துக்கு மாறியது அவர்கள் தொழில். ஒரு ஆறு எப்போது ஆறாக இருப்பதை நிறுத்தியது என்று கேட்டால் நான் அரசாங்க அறிக்கையைத் தேட மாட்டேன். வெள்ளைத் துணியை அதில் நனைக்க வண்ணார் எப்போது மறுத்தார் என்று கேட்பேன். தண்ணீர்த் தரத்துக்கு அதைவிடக் கறாரான சோதனை எங்கள் கூடத்தில் இருந்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் கரைந்த உயிர்வளி, அமோனியா, மிதக்கும் திடப்பொருள், அமிலத்தன்மை உட்பட ஆறு வகை அளவைகள். அவற்றைச் சேர்த்து ஒரு குறியீட்டு எண் போட்டு, முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிரிப்பார்கள். சுங்கை பினாங் பல ஆண்டுகள் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு தவறான திருப்பம்

இரண்டாவது ஞாயிறு கூடலைத் தாண்டி மேலே போனோம். முந்திய இரவு எதிர்பாராத ஒரு மழை. ஒரு பாலத்துக்கு மேலே ஓட்டம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அகலமான சிமெண்ட் வாய், நல்ல தண்ணீர். வலது பக்கம் புதர் மண்டி, ஒடுங்கி, இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் பெரியதைப் பின்தொடரச் சொன்னேன். பெரிய கிளைதான் தாய் ஆறு என்று சட்டம் பேசினேன்.

ஒரு மணி நேரம் வெயிலில் நடந்து, ஒரு கார் கழுவும் கடையின் பின்பக்கம் போய் நின்றோம். 'ஆறு' அங்கே ஒரு இரும்பு வலைக்குள் முடிந்தது. சவர்க்கார நுரை வழிந்துகொண்டிருந்தது. அக்கா மகள் ஒன்றும் சொல்லாமல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். பிரிவுக்குத் திரும்பி வந்து, நான் ஒதுக்கிய வலது கிளையிலும் விட்டாள். வலது பக்கத் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி குளிர்ச்சி.

"மாமா, இது மலையிலேர்ந்து வருது."

இதைத்தான் நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். மழைக்கு மறுநாள் ஆற்றைத் தேடப் போகக் கூடாது. மழை பெய்தால் எல்லா லோங்காங்கும் ஆறுபோல் ஓடும். பத்து நாள் காய்ந்த பிறகும் எது ஓடுகிறதோ அதற்குப் பின்னால்தான் மலை இருக்கிறது. மரத்தின் வேர், இலைமக்கு, கல்வெடிப்பு எல்லாம் பிடித்து வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிய விடும் நீர்தான் ஆற்றின் அடிப்படை ஓட்டம். மாசியில் நடந்தால் நல்லது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். தைப்பூசமும் அதே வறண்ட காலத்தில்தான் வருகிறது. ஆண்டில் ஆறு மிக மெலிந்திருக்கும் நாள்களில்தான் இந்தச் சாலையில் லட்சக்கணக்கான கால்கள் நடக்கின்றன, மலைமலையாகத் தேங்காய் உடைகிறது, இளநீரும் சிரட்டையும் ஓரத்துக் கால்வாயில் இறங்குகின்றன. பக்தியைக் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தேங்காய்த் தண்ணீரை அடித்துக்கொண்டு போகவும் அன்றைக்கு ஆற்றில் ஆள் பலம் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

மணல்

மூன்றாவது ஞாயிறு, அந்த லோங்காங் என்று சொல்லப்பட்ட இடத்துக்கே போனோம். படத்தில் இருந்த அதே சுவர், அதே குழாய் வாய்கள். ஏணி இறக்கி மச்சான் முதலில் இறங்கினார். ஒரு வளைவின் உட்பக்கம், நீர் மெதுவாகும் இடத்தில், பாய் அகலத்துக்கு மணல் ஒதுங்கியிருந்தது. மேலே கருப்புச் சேறு ஒரு விரல்கடை. அதை ஒதுக்கினால் அடியில் பழுப்பும் வெள்ளையும் கலந்த பருமணல், இடையிடையே வெயிலில் மினுக்கும் காக்காய்ப்பொன். அக்கா மகள் ஒரு போத்தல் அள்ளிக்கொண்டாள்.

அங்கிருந்து கோயில்களைத் தாண்டிப் பூங்காவுக்கு நடந்தோம். நாகலிங்க மரத்தில் பூ இருந்தது. பாறைகளுக்கு நடுவே ஓடை தெளிவாக ஓடும் இடத்தில் இரண்டாவது போத்தல். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, காயவைத்து, வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டினோம். பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ், செதில் செதிலாக மினுக்குவது மைக்கா, பால்வெள்ளையாக மங்கி இருப்பது ஃபெல்ட்ஸ்பார். மூன்றும் சேர்ந்தால் கருங்கல். கருங்கல் மலை உதிர்ந்தால் இதுதான் கிடைக்கும்.

மச்சான் லேசில் ஒத்துக்கொள்ளும் ஆள் இல்லை. அவர் லோரியில் ஏற்றுவதே மணல். "வீடு கட்ற மணலும் இப்படித்தானே மாப்ள இருக்கும்? எவனாச்சும் கொட்டியிருப்பான்." நியாயமான கேள்வி. அன்று முழுவதும் நான் தேடிய பதிலை அவள் நகத்தால் கண்டுபிடித்தாள். பால்வெள்ளை மணி ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். பொடிந்து மாவாகிவிட்டது. ஃபெல்ட்ஸ்பார் நம் வெயிலிலும் மழையிலும் மக்கிக் களிமண்ணாக மாறிக்கொண்டே இருக்கும் கல். பாதி மக்கிய மணிகள் மெதுமெதுவென்று இருக்கும். கட்டுமான மணல் தோண்டி, அலசி, சலித்து வருவது. அந்தப் பாட்டை இந்த மணி தாங்காது. மச்சான் தன் லோரிப் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து நசுக்கிப் பார்த்தார். ஒன்றும் பொடியவில்லை. எல்லாம் ஒரே பருமன் வேறு. எங்கள் போத்தலில் பட்டாணி அளவுக் கல்லும் இருந்தது, மாவுபோன்ற நுண்மணலும் இருந்தது.

நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சி என்று சொல்ல மாட்டேன். நகரத்து மண்ணும் அந்த மலையிலிருந்து வந்ததுதான், கரையிலிருந்து சரிந்திருக்கலாம். ஆனால் சேறும் எண்ணெயும் நெகிழியும் மட்டுமே வரவேண்டிய லோங்காங்கில், நகத்தில் பொடியும் மலைமணல் வளைவு வளைவாக ஒதுங்கிக் கிடக்கிறது. தண்ணீரைக் கேட்டால் லோங்காங் என்கிறது, மணலைக் கேட்டால் ஆறு என்கிறது.

அருவித் தண்ணீர் எங்கே போனது

இதற்கு விடை பூங்காவுக்கு மேலே இருக்கிறது, நம் வீட்டுக் குழாயிலும் இருக்கிறது.

ஜோர்ஜ்டவுன் உருவானதே 1786-ல். கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மலையிலிருந்து விழும் அருவியை ஆரம்பத்திலேயே கண்டுவைத்துக்கொண்டார்கள். 1811-12-ல் கிழக்கே பயணம் செய்த ஜேம்ஸ் வாதென் இந்த அருவிக்கு வந்து பார்த்துவிட்டு எழுதினார். கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பினாங்கு ஓவியங்களை வில்லியம் டேனியல் செதுக்கி 1821-ல் வெளியிட்டார், அதில் இந்த அருவியும் உண்டு. அந்தக் காலத்துப் பயணிகளுக்கு 'ஆற்றை ஆராய்வது' என்றால் குதிரையில் போய் அருவிக்குக் கீழே உட்கார்ந்து படம் போடுவது. வழி வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள் பெயர் அதில் வராது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்தான் அன்றைய பினாங்கின் சாலை வேலைக்காரர்கள்.

1884-ல், பழைய கல் உடைக்கும் இடம் ஒன்றில் சார்லஸ் கர்ட்டிஸ் தாவரவியல் பூங்காவைத் தொடங்கினார். 1892-ல் அருவி நீரைத் தேக்கும் நீர்த்தேக்கம் வந்தது. 1910-ல் பூங்காவையே மூழ்கடித்துப் பெரிய நீர்த்தேக்கமாக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. செடிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். பிறகு திட்டம் கைவிடப்பட்டு 1912-ல் பூங்கா பிழைத்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் புல்வெளி, ஒரு கோப்பு வேறு பக்கம் நகர்ந்திருந்தால் ஏரி.

தமிழர்களுக்கு இந்த நீர்த்தேக்கத்தில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. முருகன் முதலில் குடியிருந்தது அருவிப் பக்கம்தான் என்பது கோயில் வரலாறு. குடிநீர் எடுக்கும் இடத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று ஆனபோது சாமி கீழே இறங்கினார். 2012-ல் 513 படி ஏறும் மலைக்கோயில் கட்டி மீண்டும் மேலே போனார், ஆனால் வேறு மேடு. சாலையோரத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில் 1857-லிருந்தே இருக்கிறது. அருவி கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டு நாம் இன்னும் 'தண்ணீர்மலை' என்கிறோம். பெயர் மட்டும் பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது. என் பாட்டி அந்த ஓடையில் முங்கிவிட்டுத்தான் பால்குடம் எடுத்தாராம். "ஐஸ் தண்ணிடா, பல்லு கிட்டிப் போகும்" என்று சொல்வார். தெர்மாமீட்டர் சொன்னதும் அதையேதான்.

இன்றும் அருவி இருக்கும் பகுதி குடிநீர் வாரியத்தின் எல்லைக்குள்தான். அனுமதி இல்லாமல் போக முடியாது. பினாங்கின் குடிநீரில் மிகப் பெரும் பங்கு கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது, எண்பது விழுக்காட்டுக்கு மேல். தீவின் மலையோடைகள் தருவது சிறு துளி. ஆனால் அந்தச் சிறு துளி, இந்தச் சிற்றாற்றுக்கு வறண்ட மாதத்தில் பெரிய துண்டு. மேலே எடுக்கும் நீர் குழாய் வழியாக வீட்டுக்குப் போய், சமையலறை, குளியலறை வழியாக இறங்கி, ஒரு பகுதி சுவரிலுள்ள அந்தக் குழாய் வாய்கள் வழியாகக் கீழே ஆற்றுக்கே திரும்பி வருகிறது. அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் விடை வேண்டுமென்றால்: அருவித் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே வருகிறது. அதே தண்ணீர்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. மூடா ஆறும் அதில் கலந்திருக்கும்.

பெயரில் என்ன இருக்கிறது

முகப்பில் இருந்தவர் சொன்ன ஒரு சொல்லுக்கு இவ்வளவு அலைச்சலா என்று அக்காவே கேட்டாள். அந்தச் சொல்லில் காசு இருக்கிறது, கோப்பு இருக்கிறது. ஆறு என்றால் 1920-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் வரும். அது பினாங்குக்கும் பொருந்தும். ஆறு மாநிலத்தின் சொத்து, உரிமம் இல்லாமல் நீரைத் திருப்பவோ எடுக்கவோ கூடாது. பராமரிப்புக்கு வடிகால், நீர்ப்பாசன இலாகாவைக் கேட்கலாம். லோங்காங் என்றால் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அது மாநகர் மன்றத்தின் பாடு. கரை இடிந்தால் யாரைக் கூப்பிடுவது, குப்பை அடைத்தால் யார் எடுப்பது என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. எல்லையில் இருக்கும் ஓட்டங்களை இரண்டு பக்கமும் 'உங்களுடையது' என்று தள்ளிவிடுவது பல ஊரில் நடப்பதுதான். நம் ஆறு வரைபடத்தில் சுங்கை ஆயர் தெர்ஜுன் என்று தெளிவாகவே இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்காதவர் கண்ணுக்கு மட்டும் அது சாக்கடை.

அப்படித் தோன்றவைத்தது சிமெண்ட். ஏன் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், வெறும் அறியாமை அல்ல. ஓடும் நீரைத் தரை எவ்வளவு உரசிப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்குப் பொறியியலாளர்கள் மேனிங் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்லும் புதருமாக இருக்கும் இயற்கை ஓடைக்கு 0.035 அல்லது அதற்கு மேல், வழவழப்பான சிமெண்டுக்கு 0.015 வாக்கில். சரிவு, ஆழம், அகலம் மூன்றும் மாறாமல் இருந்தால் சிமெண்டில் நீர் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். வெள்ளத்தைச் சீக்கிரம் அப்புறப்படுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம், அந்தத் தெருவுக்கு அது உதவவும் செய்தது. ஆனால் அப்புறப்படுத்தியது எங்கே போகும்? கீழே, பெரியவர் சுவரில் கோடு இருக்கும் கம்போங்குக்கு, கடல் ஏற்றம் கதவைச் சாத்தியிருக்கும் நேரத்தில். நாடு முழுக்க இதைக் கண்டபிறகுதான் வடிகால் இலாகா 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'மஸ்மா' என்ற புதிய கையேட்டைக் கொண்டுவந்தது. மழைநீரை விரட்டாதே, விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்து மெதுவாக விடு என்பது அதன் சாரம். புதிய வீடமைப்புகளில் தேக்கக் குட்டைகள் வந்தது அதனால்தான். பழைய ஊருக்குள் குட்டை தோண்ட இடமில்லை. சுங்கை பினாங் வெள்ளத் தடுப்பு வேலை கட்டங்கட்டமாக நடக்கிறது, கட்டங்களுக்கு நடுவே மழைக்காலங்களும் வந்து போகின்றன.

அக்கா மகள் தன் ஏட்டை முடித்து ஆசிரியரிடம் கொடுத்தாள். தலைப்பு 'சுங்கை ஆயர் தெர்ஜுன்', அடைப்புக்குறிக்குள் 'தண்ணீர்மலை ஆறு'. நான் தப்பாகக் கூட்டிப்போன அந்த ஒரு மணி நேரத்தையும் ஒளிக்காமல் எழுதிவிட்டாள், 'மாமாவின் பிழை' என்று தனித் துணைத்தலைப்பு போட்டு. இரண்டு போத்தலையும் பள்ளிக்குக் கொண்டுபோனாள். லேபிள் ஒட்ட மறந்துவிட்டதால் வகுப்பில் எது மேல், எது கீழ் என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

ஏட்டின் கடைசிப் பக்கத்தில் 'செய்ய முடியாதவை' என்று ஒரே ஒரு வரி: "அருவியைப் பார்க்கவில்லை. அனுமதிக்கு மனு போட்டிருக்கிறோம்."